82,000 கி.மீ ஓடிய 2010 ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் 5.0: மட்டக்களப்பில் வைத்திருக்க முடியுமா?

கல்லடி வாசி
வெள்ளி, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பல வருடச் சேமிப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

11 வருடமாக ஒரு சின்ன ஜப்பான் கார் ஓட்டுகிறேன். மாதத்தில் இரண்டு தடவை கொழும்புப் பயணம்: வாழைச்சேனை, வெலிக்கந்தை, ஹபரணை, குருநாகல் வழி. ஒரு போக்கே 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளாமைக் காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கும் வயலுக்கும் போகவேண்டும். மாரியில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று படுவான்கரை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொழும்பில் ஒருவர் 2010 ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் விற்கிறார். 5 லீற்றர், எட்டு சிலிண்டர், சூப்பர்சார்ஜர், 510 குதிரைவலு. மீற்றரில் 82,000. இரண்டாவது உரிமையாளர். இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு வரும் சின்ன ஜப்பான் ஹைபிரிட்டுக்கு இன்று கேட்கும் விலையைவிட இதற்குக் குறைவாகத்தான் கேட்கிறார். படங்களில் வண்டி பளபள என்று இருக்கிறது. பாடசாலைக் காலத்திலிருந்து எனக்கு இந்த ஜீப்பில் ஆசை.

மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "புணானைக் காட்டுக்குள் இரவில் நின்றால் யார் வருவது?" என்னிடம் பதில் இல்லை. இந்த வண்டிகளில் வழக்கமாக என்ன பழுது வரும், வாங்க முன் எதைப் பார்ப்பது, இங்கே யாராவது வேலை செய்வார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஜேர்மன் ஜீப் எதுவும் இதைவிட நல்லது என்றாலும் சொல்லுங்கள்.

ஏறாவூர் நானா
வெள்ளி, இரவு 9.32

தம்பி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். அந்தச் சல்லிக்குப் பழைய டொயோட்டா பிராடோ ஒன்று பாருங்கள். சாமான் ஏறாவூரிலும் கிடைக்கும், கல்முனையிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக் பாஸும் கழற்றிப் பூட்டுவார். குடும்பத்தோடு ராத்திரிப் பயணம் போகிற ஆளுக்கு அந்த நிம்மதி பெரிது.

கல்லடி வாசி
வெள்ளி, இரவு 9.41

நானா, நீங்கள் சொல்வது எனக்கும் விளங்குகிறது. ஆனால் பிராடோ ஓட்டிப் பார்த்தேன், மனம் போகவில்லை. இதை முழுதாக விசாரித்துவிட்டு முடியாது என்று தெரிந்தால் விட்டுவிடுவேன். விசாரிக்காமல் விட்டால் காலம் பூராகவும் அந்த நினைப்பு இருக்கும்.

செங்கலடி பாஸ்
வெள்ளி, இரவு 11.05

தம்பி, நான் 12 வருடம் தோஹாவில் ஒரு கராஜில் இதே வண்டிகளில் வேலை செய்துவிட்டு வந்தவன். இப்போது ஊரில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 82,000 கணக்கை நல்ல செய்தியாக எடுக்காதீர்கள். வண்டிக்கு வயது 15 தாண்டிவிட்டது. இந்த வகை ஜீப்புகளில் முதலில் போவது இரும்பு இல்லை. பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான். அவை ஓடினாலும் காயும், நின்றாலும் காயும். 2022இல் எரிபொருள் வரிசைக் காலத்தில் எத்தனை பெரிய ஜீப் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது என்று யோசித்துப் பாருங்கள். அப்படி நின்ற 82,000ஐ விட, ஒழுங்காக ஒயில் மாற்றி 160,000 ஓடிய வண்டியை நான் நம்புவேன்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் டொலர் தட்டுப்பாடு வந்ததால் உதிரிப்பாகங்களும் லேசில் கிடைக்கவில்லை. அந்த ஐந்து வருடத்தில் இந்த வண்டிகளுக்குப் பல இடங்களில் ஒட்டுவேலைதான் நடந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர், வெடித்த குழாய்க்குப் பசை, எரிந்த கொம்பிரஷருக்கு வேறு எதிலோ கழற்றியது. ஆகவே சேர்விஸ் புத்தகத்தில் 2020 முதல் 2024 வரையான பக்கங்களைத்தான் முதலில் திருப்பிப் பாருங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இனி எஞ்சின். இதற்கு உள்பெயர் ஏஜே133. இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். அதற்கு அடியில் பின்பக்கமாக ஒரு கூலன்ட் குழாய் போகிறது, முன்னாலும் ஒன்று உண்டு. இரண்டும் பிளாஸ்டிக். இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியவை, அந்த ஒட்டு வழியேதான் பிளக்கும். முன் குழாயை எட்டிப் பார்க்கலாம். பின் குழாய்க்குப் போக சூப்பர்சார்ஜரைக் கழற்றியே ஆகவேண்டும். குழாயின் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. தண்ணீர் பம்பும் இதே வயதில்தான் கசியத் தொடங்கும். ஆகவே திறக்கிற நாளில் பம்ப், தெர்மோஸ்டாட், இரண்டு குழாய் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுவதுதான் புத்தி. அலுமினியத்தில் செய்த குழாய்களும் வருகின்றன. நான் செய்த வண்டிகளுக்கு அதைத்தான் போடச் சொல்வேன்.

இதில் ஆபத்து என்னவென்றால், டாஷ்போர்டில் இருக்கும் வெப்பமானியின் முள் உண்மை வெப்பத்தை அப்படியே காட்டாது. நடுவில் அசையாமல் நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அது மேலே ஏறுவதைக் காணும்போது எஞ்சின் ஏற்கனவே வெந்துகொண்டிருக்கும். எஞ்சின் கட்டை, அதன் மேல் மூடியான ஹெட் எல்லாம் அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும். அதன் பிறகு செலவுக் கணக்கு வேறு.

அடுத்தது டைமிங் செயின், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் சங்கிலி. 2010 முதல் 2012 வரை வந்த எஞ்சின்களில் இது பேர்போன பழுது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் முனை, செயினுக்கு வழிகாட்டும் அலுமினியக் கைடில் குத்திக் குத்திப் பள்ளம் தோண்டிவிடும். செயின் தளர்ந்துபோகும். குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் முதல் இரண்டு மூன்று விநாடி, டின்னுக்குள் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கினாற்போல் ஒரு சத்தம் வரும், பிறகு மறைந்துவிடும். மறைந்துவிட்டது என்று விட்டால் ஒருநாள் செயின் பல் தாண்டும். பிறகு வால்வும் பிஸ்டனும் முட்டும். திருத்திய டென்ஷனரும் கைடும் பின்னர் வந்தன. பழுது பார்த்த வண்டி என்றால் அந்தப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் சீரான டிக் டிக் சத்தத்துக்குப் பயப்படவேண்டாம். அது எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷனின் சத்தம். ஐட்லில் சூப்பர்சார்ஜர் மூக்கிலிருந்து டொக் டொக் என்று கேட்டால் உள்ளே இருக்கும் இணைப்பு தேய்ந்திருக்கிறது. அது சின்னச் சாமான், அதற்காக வண்டியை விடத் தேவையில்லை.

ஒயில் அளவு பார்க்க இதில் வழக்கமான கம்பி கிடையாது, திரையில்தான் பார்க்கவேண்டும். கம்பி இல்லாததால் பலர் பார்ப்பதே இல்லை. கம்பனி சொன்ன நீண்ட இடைவெளியை மறந்துவிட்டு 7,000, 8,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுங்கள். நமது சூட்டுக்கு அதுதான் சரி.

சஸ்பென்ஷன் பற்றி நாளை எழுதுகிறேன். கண் சொருகுகிறது.

காரைதீவு கடலோரம்
சனி, காலை 6.20

பாஸ் அண்ணன் சொன்ன கொதிப்பு எனக்கு நடந்தது. என்னுடையது எட்டு சிலிண்டர் ஐரோப்பிய ஜீப் ஒன்று. பெயர் தேவையில்லை, பிழை பெரும்பாலும் என் பக்கம்தான்.

நிறுத்தும் இடத்தில் இனிப்பான ஒரு மணம் வரும். நிலத்தில் சொட்டு ஒன்றும் இருக்காது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கூலன்ட் தாங்கி கொஞ்சம் இறங்கும். நான் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடலிலிருந்து 200 மீற்றரில் உள்ள கிணறு, தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டுமா? நாலு மாதம் அப்படி ஓட்டினேன். கராஜுக்குப் போகவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைப்பேன்.

அம்பாறை, மகாஓயா, மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போனோம். அம்மாவுக்குக் கண் கிளினிக். வைகாசி மாதம், கச்சான் காற்று அடிக்கிற காலம். மஹியங்கனை தாண்டி 18 வளைவு ஏறும்போது ஏசி குளிர்வது குறைந்தது. முள் நடுவிலேயே நின்றது. பத்தாவது வளைவோ பதினோராவதோ, வெள்ளைப் புகை கண்ணாடியை மறைத்தது. ஓரம் கட்டினேன். பின்னால் ஏறி வந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா இறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சி இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

எஞ்சின் பள்ளத்துக்குள் மறைந்திருந்த குழாய் நெடுக்காகப் பிளந்திருந்தது. சொட்டு விழாததற்குக் காரணமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கசிந்ததெல்லாம் எஞ்சின் பள்ளத்திலேயே தேங்கி, சூட்டில் ஆவியாகிவிடும். நிலத்துக்கு வரவே வராது. கிணற்றுத் தண்ணீரில் ரேடியேற்றர் உள்ளே உப்புப் படிந்து பாதி அடைத்திருந்தது. ஹெட் இரண்டையும் இறக்கினோம். கட்டிய காசில் ஒரு முச்சக்கரவண்டி வாங்கியிருக்கலாம்.

ஆகவே தாங்கியில் அளவு இறங்கினால் ஊற்றிவிட்டு ஓடாதீர்கள். அது எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். எப்போதும் கலந்த கூலன்ட் ஒரு போத்தல் பின்னால் வைத்திருங்கள். அவசரத்துக்கு என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றலாம், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். முடிந்தால் வண்டியின் ஸ்கேன் சொக்கெட்டில் செருகும் சின்னக் கருவி ஒன்று வாங்கி, உண்மை வெப்பத்தைப் போனில் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். நான் இன்று வரை அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஏறாவூர் நானா
சனி, காலை 7.02

அம்மா இப்போது சுகமா தம்பி?

காரைதீவு கடலோரம்
சனி, காலை 7.15

சுகம் நானா. கண்ணும் நன்றாகத் தெரிகிறது. கேட்டதற்கு நன்றி.

செங்கலடி பாஸ்
சனி, பிற்பகல் 1.40

சோறு தின்றுவிட்டு எழுதுகிறேன். காற்று சஸ்பென்ஷன்.

நாலு சக்கரத்துக்கும் சுருள் கம்பிக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர்ப் பை. அதன் அடி மடிப்பில் வயதானால் மெல்லிய வெடிப்பு வரும். முதலில் தெரிவது ஒன்றே ஒன்று: இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் படுத்திருக்கும். எஞ்சினை இயக்கினால் எழும்பிவிடும். எழும்புகிறதே என்று ஆட்கள் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அங்கேதான் காசு போகிறது. பை கசிவதால் அதற்குக் காற்றடிக்கும் கொம்பிரஷர் ஓயாமல் ஓடும். சூடேறி அதுவும் போகும். அதை இயக்கும் மின் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டால் வண்டி நின்ற பிறகும் ஓடி, பற்றரியையும் இறக்கிவிடும். ஒரு பையை நேரத்துக்கு மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை, மூன்று வேலையாகிவிடும்.

கொம்பிரஷர் இருக்கும் இடம் இடது பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், வண்டிக்கு வெளியே, ஒரு மூடிக்குள். சேறும் கடல் உப்பும் நேராக அங்கேதான் போகும். கல்லடி, பாசிக்குடா, காரைதீவு ஆட்கள் இதைக் கவனிக்கவேண்டும். உயரம் பார்க்கும் சென்சர்களின் இணைப்பிலும் பச்சை பூத்துவிடும். ஸ்கேனில் சி1ஏ20 என்று வந்தால் காற்று நிரம்ப அதிக நேரம் எடுக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டு உடனே புதுக் கொம்பிரஷர் வாங்கவேண்டாம். முதலில் சவர்க்கார நுரை தெளித்து எங்கே கசிகிறது என்று பாருங்கள். கொம்பிரஷரில் பழைய வகை ஹிட்டாச்சி கம்பனியுடையது, பிறகு வந்தது ஏஎம்கே கம்பனியுடையது. பழையதை மாற்றும்போது பலர் ஏஎம்கே வகைக்குப் போகிறார்கள். அப்போது மென்பொருளும் புதுப்பிக்கவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

முன் கீழ்க்கரங்களின் ரப்பர் புஷ் நமது வீதிகளில் கட்டாயம் தேயும். ரயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதுதான். வண்டி இரண்டரைத் தொன் நிறை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கியர்பொக்ஸ் ஜேர்மனியின் இசட்எஃப், ஆறு கியர். நல்ல பெட்டி. "வாழ்நாள் ஒயில், மாற்றத் தேவையில்லை" என்று பலர் சொல்வார்கள். செய்த கம்பனியே 80,000 முதல் 120,000க்குள் மாற்றச் சொல்கிறது. அடித்தட்டு பிளாஸ்டிக், வடிகட்டியும் அதோடு சேர்ந்தே வரும். தட்டோடு மாற்றுங்கள். இந்த வண்டிக்குச் சரியாக அந்தக் காலம் வந்திருக்கிறது.

கல்முனை நாலுசக்கரம்
சனி, பிற்பகல் 3.25

காற்றுப் பைத் தலையிடியே வேண்டாம். நாலையும் கழற்றி எறிந்துவிட்டுச் சுருள் கம்பி போடுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் செய்து நிம்மதியாக ஓடுகிறார்கள்.

செங்கலடி பாஸ்
சனி, பிற்பகல் 3.50

அதை நான் ஒப்பமாட்டேன் தம்பி. அந்த வண்டியைத் தூக்கவும் தாழ்த்தவும் முடிவதால்தான் அது தண்ணீருக்குள் போகிறது. கம்பி போட்டால் அந்த உயரம் போய்விடும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணையாது, அதை ஏமாற்றத் தனிப் பெட்டி பூட்டவேண்டும். விற்கும்போது விலையும் விழும். கொழும்பில் பிளாட்டில் இருப்பவர் செய்தால் சரி. கொக்கட்டிச்சோலை வயலுக்குப் போகிறவர் ஏன் செய்யவேண்டும்?

கல்முனை நாலுசக்கரம்
சனி, மாலை 4.30

வயல் விஷயத்தைக் கவனிக்கவில்லை அண்ணன். அப்படியென்றால் உங்கள் பேச்சுத்தான் சரி. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். காற்றுப் பையை வைத்திருப்பவர் பையைப் பழகவேண்டும். மாதம் ஒரு தடவை கழுவும்போது நாலு பையையும் மேல் உயரத்துக்கு எழுப்பி, மடிப்புக்குள் இருக்கும் மண்ணை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கடற்கரை மணல் மடிப்பில் தங்கினால் அரம் போல் அராவும்.

படுவான்கரை
சனி, மாலை 5.10

வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லவேண்டும். இந்த வண்டியில் கைப்பிரேக் மின்மோட்டரில் வேலை செய்வது. பின் டிஸ்க்குக்குள் பறை மாதிரி ஒரு பிரேக் இருக்கிறது. வயல் சேறு அதற்குள் போய்க் காய்ந்தால் மோட்டர் இழுக்க முடியாமல் கிறீச் என்று கத்தும். கத்தும்போதே கழற்றித் துப்புரவு செய்து, பிரேக் சப்பாத்துகளைச் சரிப்படுத்தினால் தப்பும். விட்டால் மோட்டரே போகும். கார்த்திகை, மார்கழியில் தண்ணீருக்குள் போய் வந்தால் அடுத்த நாள் சக்கரத்தைக் கழுவுவதை வழக்கமாக்குங்கள்.

அக்கரைப்பற்று ஆசிரியை
சனி, இரவு 8.15

ஜேர்மன் ஜீப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது, தம்பி வாங்கியது. எஞ்சினில் ஒரு நாளும் குறை வரவில்லை. மழைதான் அதைக் கெடுத்தது.

கூரைக் கண்ணாடிக்கும் முன் கண்ணாடிக்குக் கீழேயும் தண்ணீர் வடிந்தோடச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் இருக்கின்றன. எங்கள் வளவில் வேப்ப மரம். அதன் இலையும் பூவும் விழுந்து அந்த ஓட்டைகள் அடைத்துவிட்டன. ஒரு மார்கழி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் கதவைத் திறந்தால் கம்பளத்துக்குள் தண்ணீர். முன் இருக்கைக்கு அடியில்தான் பற்றரியும் மின்பெட்டிகளும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விளக்கு எரிந்தது. ஒருநாள் கதவு பூட்டாது, மறுநாள் கண்ணாடி இறங்காது. எந்த கராஜிலும் காரணம் சொல்ல முடியவில்லை. கடைசியில் கம்பளத்தை முழுதாகக் கழற்றிப் பார்த்தபோதுதான் கம்பி இணைப்புகள் பச்சை பிடித்திருந்தது தெரிந்தது.

வாங்கப் போகும் வண்டியின் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். மூக்கை வைத்து மணந்தும் பாருங்கள். பூஞ்சண மணத்தை எந்த வாசனைப் போத்தலும் முழுதாக மறைக்காது. வடிகால் ஓட்டைகளைப் புரட்டாசி முடியமுன் துப்புரவு செய்யுங்கள்.

செங்கலடி பாஸ்
சனி, இரவு 9.30

ரீச்சர் சொன்னது பெறுமதியான அறிவுரை. மற்ற ஜீப்புகளைப் பற்றிச் சுருக்கமாக.

போர்ஷே கயெனில் 2003 முதல் 2006 வரை வந்த எட்டு சிலிண்டர்களிலும் எஞ்சின் பள்ளத்தில் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்தான். பிறகு அலுமினியக் குழாய் வந்தது. மாற்றியதா என்று கேளுங்கள். நடுவில் ஓடும் நீண்ட ஷாஃப்டின் பேரிங் ரப்பர் கிழிந்து, வேகம் எடுக்கும்போது அடியில் தட்டும். அதில் பயமில்லை. பயப்பட வேண்டியது சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதற்கு. குளிர் எஞ்சினில் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டுகிற சத்தமும் ஒயில் குடிப்பதும் அடையாளம். சிலிண்டருக்குள் சின்னக் கமரா விட்டுப் பார்க்காமல் அதை வாங்கவே கூடாது.

பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 எட்டு சிலிண்டரில் வால்வு ஒயில் சீல்கள் கெட்டுப்போகும். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு அழுத்தினால் நீலப் புகை வரும். 2010க்குப் பிறகு வந்த '50i' எஞ்சினில் இரண்டு டர்போவையும் பள்ளத்துக்குள்ளேயே வைத்தார்கள். சூடு முழுவதும் அங்கே நின்று, சுற்றியுள்ள ரப்பர், கம்பி எல்லாவற்றையும் மொறுமொறுக்க வைத்துவிடும். நமது காலநிலைக்கு நான் சொல்லமாட்டேன்.

மெர்சிடிஸ் எம்எல் ஆறு சிலிண்டர் டீசலில் ஒயில் கூலரின் சீல் பள்ளத்துக்குள் கசியும். சீல் மலிவு, இன்ரேக், டர்போ எல்லாம் இறக்கித்தான் அதற்குப் போகவேண்டும். செய்துவிட்ட வண்டி என்றால் நல்ல தெரிவு.

வந்தாறுமூலை
சனி, இரவு 9.48

பாஸ் அண்ணன், அதே ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டில் 3 லீற்றர் டீசல் எடுத்தால் என்ன? எரிபொருளும் மிச்சம்தானே?

செங்கலடி பாஸ்
சனி, இரவு 10.20

எரிபொருள் மிச்சம்தான். ஆனால் அந்த டீசலில், பிஸ்டன்கள் சுழற்றும் அச்சான கிராங்க் ஷாஃப்ட் உடையும் பழுது உண்டு. 2.7இலும் உண்டு, 3.0இலும் உண்டு. பேரிங் சுழன்று கிராங்க் இரண்டாகும். செயின் சத்தம் மாதிரி முன்கூட்டி அறிவிப்பு வராது. எல்லா வண்டிக்கும் வருவதில்லை, ஆனால் வந்தால் எஞ்சினே மாற்றவேண்டும். பெற்றோலில் வரும் பழுதுகள் பணம் தின்னும், ஆனால் கண்டுபிடிக்கலாம், முன்கூட்டியே திருத்தலாம். நான் எனக்கு வாங்குவதென்றால் பெற்றோல்தான். ஒக்டேன் 95 மட்டும்.

கல்லடி வாசி தம்பி, இனி உங்களுக்கு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அது கையில் இல்லை என்றால், லீசிங் போட்டு இதை வாங்கவே வேண்டாம். பார்க்கப் போகும் முதல் நாள் இரவே உரிமையாளரிடம், காலையில் நான் வரும்வரை எஞ்சினை இயக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார். ஸ்கேன் செய்யும்போது பழுதுக் குறியீடு ஒன்றும் இல்லை என்று மகிழவேண்டாம். உள்ளே உள்ள சுயபரிசோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் குறியீடுகளை நேற்றோ முந்தாநாளோ அழித்திருக்கிறார்கள்.

மட்டக்களப்பில் யார் வேலை செய்வார்கள் என்று கேட்டீர்கள். ஒயில், பிரேக், புஷ், பை இவ்வளவும் நான் செய்வேன். செயினும் செய்வேன், அதற்குரிய பூட்டு ஆயுதம் கொண்டுவந்திருக்கிறேன். மென்பொருள் வேலைக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும்.

கல்லடி வாசி
திங்கள், இரவு 8.45

நேற்றுப் போய்ப் பார்த்தேன். காலை 6.30க்கே வாசலில் நின்றேன்.

பொனட் குளிர்ந்திருந்தது. உரிமையாளர் நல்ல மனிதர், சொன்னபடி இயக்காமல் வைத்திருந்தார். இடது பின் மூலை மற்றதைவிட மூன்று விரல் தாழ்ந்திருந்தது. ரீச்சர் சொன்னபடி கம்பளத்தை அழுத்தினேன், உலர்ந்திருந்தது. எஞ்சினை இயக்கச் சொன்னேன். அந்தப் புளியங்கொட்டைச் சத்தம் கேட்டது, பாஸ் அண்ணன். மூன்று விநாடிகூட இருக்காது. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் என் காதில் ஏறியிருக்காது. உரிமையாளர் அதை ஒருநாளும் கவனித்ததில்லை என்றார். நான் நம்புகிறேன், ஏனெனில் அவர் முகமும் மாறிவிட்டது.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். சூப்பர்சார்ஜரின் முன்னால், தண்ணீர் பம்புக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் காய்ந்த கோடு. சேர்விஸ் புத்தகத்தில் 2019 ஆவணிக்குப் பிறகு இரண்டே இரண்டு முத்திரை. ஓட்டியும் பார்த்தேன். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் கொஞ்ச நேரம்தான். அந்த உணர்வை எழுதத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய வண்டி அப்படி எழும்பும் என்று நான் நினைக்கவில்லை. இறங்க மனமே வரவில்லை.

செயின், பம்ப், குழாய்கள், ஒரு பை, கியர்பொக்ஸ் ஒயில் என்று கணக்குப் போட்டு, அதைக் கழித்து ஒரு விலை சொன்னேன். அவருக்கு அது கட்டுப்படியாகவில்லை. கை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். புணானை வரும்போது இருட்டிவிட்டது. வீதியோரம் இரண்டு யானை நின்றன. லைற்றைக் குறைத்துக்கொண்டு, முன்னால் நின்ற லொறிக்குப் பின்னால் பத்து நிமிடம் காத்திருந்தோம். மனைவி ஒன்றும் பேசவில்லை. கொதிக்கிற எஞ்சினோடு அங்கே நின்றிருந்தால் என்று எனக்குள் ஓடியது.

ஆனால் விடவில்லை. கண்டியில் ஒரு 2012 இருக்கிறது. 131,000 ஓடியது. ஒரே உரிமையாளர். செயின் வேலை செய்த பற்றுச்சீட்டின் படம் அனுப்பியிருக்கிறார், 2023ஆம் ஆண்டுத் திகதி. அலுமினியக் குழாய் போட்டதும் அதில் இருக்கிறது. விலை நேற்றையதைவிடக் கூட.

ஏறாவூர் நானா
திங்கள், இரவு 9.05

கூடக் கொடுத்தாலும் அதைப் பாருங்கள் தம்பி. நான் பிராடோ என்று சொன்ன ஆள்தான். ஆனால் அவர் பற்றுச்சீட்டை வைத்திருக்கிறார் என்றால் வண்டியையும் வைத்திருந்திருப்பார்.

காரைதீவு கடலோரம்
திங்கள், இரவு 9.20

திரும்பி வரும்போது 18 வளைவு வழியாக வராதீர்கள். புது வண்டியை முதல் நாளே அந்த இறக்கத்தில் பழகவேண்டாம். தம்புள்ளை வழியாக வாருங்கள்.

கல்லடி வாசி
திங்கள், இரவு 9.31

பாஸ் அண்ணன், சனிக்கிழமை என்னோடு கண்டிக்கு வருவீர்களா? உங்கள் ஒருநாள் கூலியும் சாப்பாடும் என் பொறுப்பு.

செங்கலடி பாஸ்
திங்கள், இரவு 10.02

வருகிறேன். கூலியைப் பிறகு பேசுவோம். விடிய 3 மணிக்கு செங்கலடிச் சந்தியில் ஏற்றுங்கள், ஸ்கேன் பெட்டியோடு நிற்பேன். வெள்ளி இரவு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, காலையில் நாங்கள் வரும்வரை கதவையும் திறக்கவேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்தாலே சஸ்பென்ஷன் விழித்துக்கொள்ளும், எந்த மூலை படுத்தது என்று பிறகு தெரியாது.